திருவிருந்து நேரத்து ஸ்கூட்டர்

1

இந்த ஜூன் மாதத்தோடு நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. ஊரிலிருக்கும் உங்களில் பலர் இதைப் புலம்பெயர்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நாங்கள் கடல் தாண்டவில்லை, கடவுச்சீட்டு எடுக்கவில்லை. வள்ளியூரில் விடியற்காலையில் பேருந்து ஏறினால் பத்து மணிக்குள் இங்கே தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கிவிடலாம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் "என்ன, பக்கத்துல தான இருக்கிய!" என்றுதான் எல்லோரும் சொல்கிறீர்கள். பக்கத்தில்தான் இருக்கிறோம். ஆயினும் எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நாள், அந்தத் தூரத்தை எங்கள் அப்பாவால் வேண்டிய நேரத்துக்குள் கடக்க முடியவில்லை. இந்தக் குறிப்புகளை எழுதத் தூண்டியது அந்த நாளும், சென்ற மாதம் அதற்குக் கிடைத்த ஒரு பதிலும்.

அப்பா பழவங்காடி சந்திப்பில் ஒரு பாத்திரக் கடையின் மேலாளர். அவர் ஷட்டரைத் தூக்கும் வேளையில் எதிரே கணபதி கோயிலில் தேங்காய்கள் உடைபடத் தொடங்கும். அந்த ஓசைக்கு நடுவே மனத்துக்குள் வேதாகமத்தின் ஒரு சங்கீதத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார். தேங்காய் ஓசை தாளம் தப்பாமல் இருந்தால் வசனமும் தப்பாது என்று சிரிக்காமல் சொல்வார். ஞாயிறு தவறாமல் எங்களைத் தமிழ் ஆராதனைக்கு அழைத்துப் போவார். பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுவார். பிரசங்கத்தில் ஒருநாளும் கண் அயர்ந்ததில்லை.

ஆனால் திருவிருந்து நடக்கும் ஞாயிறுகளில், காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். சாவி இருக்கும். மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவார்.

"நீங்க போங்க. நான் வண்டிய ஓரமா எடுத்து வைக்கேன். பின்னால காரு நிக்கும்."

அம்மா முதலில் சில முறை முணுமுணுத்தாள்: "அந்தப் பழைய ஸ்கூட்டரச் சாவியோட குடுத்தாக்கூட ஒருத்தனும் எடுக்க மாட்டான்." பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். நாங்கள் பீடத்தின் முன் முழந்தாளிட்டு அப்பமும் ரசமும் பெற்றுத் திரும்பும்போது, திறந்த கதவின் வழியே அப்பா தெரிவார். ஏற்கெனவே ஓரமாக நிற்கும் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

2

தாத்தா இறந்த நாளில் கேரளத்தில் ஹர்த்தால். எந்தக் கட்சி, எதற்காக என்பது இப்போது எங்களில் எவருக்கும் நினைவில்லை. பேருந்துகள் இல்லை, கடைகள் இல்லை, சாலையில் கற்கள் மட்டும் இருந்தன. என்னையும் தங்கை கெசியாவையும் அம்மாவோடு வீட்டில் விட்டுவிட்டு, அப்பா இதே ஸ்கூட்டரில் தனியாகப் புறப்பட்டார். அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, காலையிலேயே சொல்லியிருந்தார். நெய்யாற்றின்கரையில் சிலர் அப்பாவை மறித்தார்கள். சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று இவர் சொன்னதை ஒருவர் நம்பினார்; மற்றொருவர் நம்பாமல் இரண்டு சக்கரங்களிலும் காற்றை இறக்கிவிட்டார். எல்லை வரைக்கும் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

அவர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது குழி மூடப்பட்டு, மேலே மண் குவித்துச் சிலுவையும் நட்டாகிவிட்டது. மணி மூன்றரைதான். அப்பா தாமதிக்கவில்லை, அவர்கள் முந்திவிட்டார்கள். ஊர் முழுவதும் கேட்க அப்பா ஒன்றே ஒன்று சொன்னாராம்: "எனக்குன்னு ஒரு பிடி மண்ணு கூட மிச்சம் வைக்கலியே அண்ணே." பெரியப்பா தலை குனிந்து நின்றாராம். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் மாலை ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். வேதத்தை வரிசையாக, ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம். இளையவள் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். கெசியா, நான், அம்மா, அப்பா. அதனால் நான்கால் வகுபடும் எண்ணுள்ள வசனங்களெல்லாம் அப்பாவுக்கு வரும். கல்லூரியில் இலக்கியம் படிக்கும் எனக்கு இப்படிப்பட்ட கணக்குகளில் ஒரு பலவீனம் உண்டு. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருபத்து நான்காவது வசனமும் அவருக்குத்தான் வரும். காணிக்கையோடு பீடத்தண்டை வந்தவன், தன்மேல் தன் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிற இடம் அது. எட்டு ஆண்டுகளில் அந்த அதிகாரம் எங்கள் வீட்டுக்குள் மூன்று முறை வந்துபோயிருக்கிறது. மூன்று முறையும் அப்பா அதைக் கடைக்கு வந்த பார்சலின் முகவரியை வாசிப்பதைப் போல, ஏற்ற இறக்கமில்லாமல், தெளிவாக வாசித்தார். அடுத்த வசனத்தைக் கெசியா தொடங்கினாள்.

அப்பாவை நான் பாசாங்கு செய்பவராக ஒருபோதும் நினைத்ததில்லை. அவர் அந்த வசனத்தை முழு மனத்தோடு கைக்கொண்டார். காணிக்கையை விட்டு எழுந்துவிடுகிற பாதியை மட்டும்.

3

கெசியாவுக்குப் பதினாறு வயது. அவளுக்கு இந்த ஆண்டு திடப்படுத்தல். பேராயர் வந்து தலைமேல் கைவைத்து ஜெபித்த பிறகு, அன்றைக்கே முதன்முறையாகத் திருவிருந்தில் பங்குபெற வேண்டும். எங்கள் சபையில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் திடம் பெற்றவர்கள் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே முழந்தாளிடுவார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை.

கெசியாவின் பேச்சில் தமிழ் பாதி, மலையாளம் பாதி. குடும்ப ஜெபத்தில் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். திடப்படுத்தல் பாடங்களை மலையாளத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தாள். அம்மாவுக்கு அது குறை. எனக்கு அவள் கேட்ட ஒரு கேள்விதான் குறை.

"அக்கா, அன்னைக்கும் அப்பா வண்டி நோக்கான் போவுமோ?"

"வண்டி பாக்கப் போவாங்களான்னு தெரியல."

"போயால் ஞான் எழும்பி வந்துருவேன். சத்தியமாட்டும். பிஷப் இருந்தாலும் வருவேன்."

முதல் தடை வேறு இடத்தில் வந்தது. ஞானஸ்நானச் சான்று வேண்டும். கெசியாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது ஊர்ச் சபையில். அங்கே பதிவேடுகளைப் பாதுகாக்கும் செயலர் பெரியப்பா. நான் இங்கே சபை அலுவலகத்துக்குப் போய், வேறு வழி உண்டா என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மாமா பாறசாலைக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஆதார் இருக்கு மாமா. பள்ளிச் சான்றிதழ் இருக்கு."

"ஆதார் எதுக்கு மோளே? பொறந்ததுக்கு ஆதார் போதும். மறுபடி பொறந்ததுக்கு ரெஜிஸ்டர் வேணும்."

"சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்?"

"அப்பன் உயிரோட இருக்காரு, பெரியப்பன் ரெஜிஸ்டரோட இருக்காரு. பின்ன எதுக்கு முத்திரைத்தாளு? ஒரு ஃபோன் பண்ணச் சொல்லு."

அந்த ஒரு ஃபோன்தான் எட்டு ஆண்டுகளாக நடக்கவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டிலிருந்து நிமிரவில்லை. "நீ போயிட்டு வா" என்றார். யாரிடம் போகச் சொல்கிறார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

4

சனிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எம்புட்டு வளந்துட்ட! எட்டு வருசமா இந்த வழி தெரியலியோ? உங்கம்ம வீட்டுக்கு மட்டும் வழி தெரியுது!" என்று திட்டிக்கொண்டே உள்ளே இழுத்துப் போனாள். பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். "வா பிள்ள" என்றார். அன்று அதற்கு மேல் பேசவில்லை. எங்கள் குடும்பத்து மௌனம் யாரிடமிருந்து வருகிறது என்பது அவரைப் பார்த்தால் விளங்கும். அப்பாவின் நெற்றி, அப்பாவின் விரல்கள். சாப்பிடும்போது தண்ணீரை இடப்பக்கம் தள்ளி வைக்கும் பழக்கமும் அப்படியே.

மறுநாள் ஞாயிறு, திருவிருந்து உள்ள ஆராதனை. செயலர் என்ற முறையில் பெரியப்பா அறிவிப்புகளை வாசித்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்தார். காணிக்கைப் பாட்டு தொடங்கியது. அவர் எழுந்தார். பக்கவாட்டுக் கதவின் வழியே வெளியே போனார்.

நான் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"கோயில் மணி பாக்கப் போறாராம். கயிறு இத்துப் போச்சாம், பிள்ளைங்க போயி இழுத்துருமாம். எட்டு வருசமாக் காவல் காக்காரு. மணி என்ன, எந்திரிச்சு ஓடியா போவப் போவுது?"

எட்டு வருசம். நான் பெரியம்மாவோடு போய் முழந்தாளிட்டேன். ஆனால் அந்த வேளையில் ஜெபிக்க முடியவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது பக்கவாட்டுக் கதவு வழியே பார்த்தேன். மணிக்கூண்டின் கீழே, புத்தம்புதிய நைலான் கயிற்றின் அருகே, கைகளைப் பின்னால் கட்டியபடி அவர் நின்றார்.

மதியம் பதிவேட்டை எடுத்து விரித்தார். கெசியாவின் பெயருக்கு எதிரே தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் என்று வரிசையாக இருந்தது. ஞானத்தகப்பன் என்ற கட்டத்தில் பெரியப்பாவின் பெயர். எனக்கு அது தெரியாது. சான்றிதழைத் தம் அழகான கையெழுத்தில் நிரப்பினார். போதகரின் கையொப்பம் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. மை உலரட்டும் என்று தாளை விசிறியபடி கேட்டார்:

"உங்கப்பன் கோயிலுக்கு ஒழுங்காப் போறானா?"

"ஒரு ஞாயிறும் தவறினதில்ல."

"திருவிருந்து எடுக்கானா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையை உடனே சொல்லவும் வராது. "அந்த நேரத்துல ஸ்கூட்டரை ஓரமா வைக்கப் போயிருவாங்க" என்றேன்.

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. பாதியிலேயே அது வேறொன்றாக மாறியது. எழுந்து ஜன்னலருகே போனார். அங்கிருந்து மணிக்கூண்டு தெரியும்.

"அன்னைக்கு மத்தியானம் மழை பிடிச்சுட்டுது" என்றார், எனக்கு முதுகைக் காட்டியபடி. "குழியில தண்ணி ஊற ஆரம்பிச்சுது. எறைக்க எறைக்க ஊறுது. முழங்கால் வரைக்கும் வந்துட்டு. அதுக்கு மேல போனா அப்பாவ மெதக்க விட்ட மாதிரி ஆயிரும்னு எல்லாரும் சொன்னாவ. நாந்தான் எடுங்கன்னு சொன்னேன்."

"இதை நீங்க அப்பாகிட்டச் சொல்லலியா பெரியப்பா?"

"அவன் கேக்கல. நான் சொல்லல."

5

தம்பானூரில் இறங்கியபோது அப்பா ஸ்கூட்டரோடு காத்திருந்தார். பின்னால் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் முகம் பார்த்துச் சொல்ல முடியாதவற்றைச் சொல்வதற்கு ஸ்கூட்டரைவிடத் தகுந்த இடம் இல்லை. சொல்கிறவருக்கு முதுகு மட்டும் தெரியும், கேட்கிறவருக்குச் சாலை மட்டும் தெரியும். பழவங்காடி சிக்னலில் நின்றோம்.

"பெரியப்பாவும் திருவிருந்து எடுக்கிறதில்ல அப்பா. எட்டு வருஷமா. மணி பாக்கணும்னு வெளிய போயிருவாங்க."

பச்சை விழுந்தது. அப்பா நகரவில்லை. பின்னால் ஆட்டோக்கள் ஒலி எழுப்பின, ஒருவர் தலையை நீட்டி, "உறங்குகயாணோ சேட்டா?" என்று கத்தினார். அப்பா வண்டியை எடுத்தார். குழியில் தண்ணீர் ஊறிய கதையை மீதி வழியில் அந்த முதுகிடம் சொல்லி முடித்தேன். வீட்டு வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "குழியிலயா?" என்றார். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "எம்புட்டுத் தண்ணி?"

"முழங்கால் அளவுன்னு சொன்னாங்க."

தலையசைத்தார். பெரியப்பாவின் எண் ஃபோனில் இருந்தது. அவர் அழைக்கவில்லை. இரண்டு வாரங்கள் கடந்தன. கடைக்குப் போனார், வந்தார். குடும்ப ஜெபத்தில் தம் வசனங்களை வாசித்தார். நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்ற எண்ணம் எனக்கு ஓயவில்லை. வகுப்பில் உட்கார்ந்தாலும், நூலகத்தில் உட்கார்ந்தாலும் எழுந்துகொள்ளவே தோன்றியது. ஒருவரின் மௌனத்தை இன்னொருவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் தந்தார்கள்?

6

திடப்படுத்தல் நாளில் அப்பா புதுச் சட்டை அணிந்திருந்தார். கெசியா வெள்ளைச் சேலையில் நடக்கத் தெரியாமல் இரண்டு முறை தடுக்கினாள். "இது எந்தொரு சேலை அம்மா, கால்ல சுத்துது!" "மெதுவா நட பிள்ள. கல்யாணத்துக்கு ஓடுற மாதிரி ஓடாத." அப்பா சிரித்தார். ஆலயத்தில் எங்களோடு மூன்றாவது வரிசையில் அமர்ந்தார். பேராயர் ஒவ்வொருவராகக் கைவைத்து ஜெபித்தார். கெசியாவின் முறை வந்தபோது அப்பாவின் உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன்.

பிறகு காணிக்கைப் பாட்டு.

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். முன்வரிசையில், வெள்ளை முக்காடுகளுக்கு நடுவே கெசியா திரும்பி நேராக அவரைப் பார்த்தாள். அப்பாவும் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை நீண்ட நேரம் நீடித்ததாக எனக்குத் தோன்றியது. பாட்டில் இரண்டு அடிகள் கடந்திருக்கலாம். அவர் எழுந்தார். வெளியே போனார்.

நானும் எழுந்தேன். ஆலயத்தில் நான் பாட்டின் நடுவே எழுந்து போனது அதுவே முதல்முறை. அவர் கையைப் பிடித்து இழுத்து வருவது என்ற முடிவோடு போனேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அப்பா இல்லை. காவலர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் உள்ளங்கையில் சாவியை வைத்தார்.

"அச்சன் போயல்லோ மோளே. ஓடியாணு போயது. நாகர்கோவில் பஸ் பிடிக்கணும்னு பறஞ்ஞு. இது மோளுக்குக் கொடுக்கான் பறஞ்ஞு."

எட்டு ஆண்டுகளாகக் காவல் காத்த ஸ்கூட்டரை அப்பா அங்கேயே விட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடிப் போயிருந்தார். எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியல்ல, கோபம். எத்தனையோ ஞாயிறுகள் இருந்தன. எத்தனையோ விடுமுறைகள் இருந்தன. இன்றா? உள்ளே அவர் மகள் இடப்பக்கம் ஒருவரை எதிர்பார்த்து நிற்கிறாள். ஆனால் அந்த வசனத்தை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும், அது மனிதனுக்கு வசதியான நாளைக் கேட்கவில்லை. பீடத்தண்டை நிற்கும்போது நினைவுக்கு வந்தால் என்றுதான் சொல்கிறது.

உள்ளே திரும்பினேன். குடும்பங்கள் முன்னே போகத் தொடங்கியிருந்தன. கெசியாவுக்கு வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் வெற்றிடம். நான் போய் அங்கே முழந்தாளிட்டேன்.

"அப்பா எவிடெ?" அவள் உதடு அசையாமல் கேட்டாள்.

"ஊருக்குப் போயிருக்காங்க. பெரியப்பாவைப் பாக்க."

"இப்பளா?"

"இப்பதான்."

எழுந்து போவாள் என்று நினைத்தேன், சத்தியம் செய்திருந்தாள். அவள் எழவில்லை. கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்பம் வந்தபோது இரண்டு கைகளையும் ஏந்தினாள். எங்களுக்கு முன்னால் நின்ற போதகர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அது தகப்பனுக்குரிய இடம் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் எனக்கும் தந்தார்.

7

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினேன். அம்மா பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அப்பாவின் ஃபோன் எடுக்கப்படவில்லை. "போன எடத்துல ஏதும் சண்டை வச்சுருப்பாவளோ" என்று அம்மா நாலைந்து முறை சொன்னாள். "சேலைய மாத்து பிள்ள, கறி பட்டுரும்." கெசியா மாற்ற மறுத்துவிட்டாள். "அப்பா காணணும். கண்டிட்டு மாத்துவேன்." வெள்ளைச் சேலையோடு கட்டிலின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் புத்தகம் ஒன்றைத் திறந்து ஒரே பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே கால் மணிக்குப் பெரியம்மா கூப்பிட்டாள். ஃபோனை கெசியா பாய்ந்து எடுத்தாள்.

"பெரியம்மா, அப்பா அவிடெ வந்தாங்களா?"

"வந்தாரு மக்கா. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போயி நின்னுருக்காரு. உங்க பெரியப்பாவுக்கு யாரோ சொல்லிப் போயி, பின்னாலயே நின்னு, கூட்டிட்டு வந்துட்டாரு."

"ரெண்டு பேரும் பேசினாங்களா?"

"எங்க பேச? ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கல. ரெண்டு மரக்கட்டை."

அம்மா பெருமூச்சுவிட்டாள். கெசியாவின் குரல் உடைந்தது. "பின்னே இப்ப எந்தா செய்யுந்து?"

"சாப்பிடுதாவ. சட்டியில ஒரு துண்டு மீனுதான் கெடந்துச்சு. உங்க பெரியப்பா தன் தட்டுல கெடந்தத எடுத்து உங்கப்பன் தட்டுல வச்சாரு. உங்கப்பன் அதப் பிச்சு, பாதிய அங்கயே திருப்பி வச்சாரு. ஏட்டி, அழுதியா? எதுக்கு அழுத? ரெண்டு பேரும் திங்காவ, நான் பாத்துட்டுத்தான நிக்கேன்."

கெசியா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் நடுவே வைத்தாள். பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். தூரத்தில் ஒரு தட்டு நகரும் ஓசை, தண்ணீர் ஊற்றும் ஓசை. பிறகு யாரோ ஒருவர், அண்ணனா தம்பியா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

நாங்கள் மூவரும் அந்த ஃபோனைச் சுற்றி அசையாமல் இருந்தோம்.